நரம்பு மாத்திரை (தூக்கத்துக்கும் மனநலத்துக்கும் தரும் மாத்திரை) கூடிக்கொண்டே போனால் வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது

எங்களுக்குப் பாம்பன் பக்கம். அப்பா தவறிய மூன்றாம் மாதம் அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. முதல் டாக்டர் தூக்கத்துக்கு எழுதினார். இன்னொரு டாக்டரிடம், “ராத்திரி அவுக கூப்புடுற சத்தம் கேக்குது” என்றார் அம்மா. சத்தத்துக்கு ஒரு மாத்திரை வந்தது. வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அந்த மாத்திரையில் கை நடுங்கியது. நடுக்கத்துக்கு இன்னொன்று. அது வாயை வறளவைத்து, மலச்சிக்கலைக் கொடுத்து, புத்தியையும் குழப்பியது. ஒன்றரை வருஷத்தில் ஏழு மாத்திரை. கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து என்ற கடற்பாசிகளைத் தண்ணீருக்குள் கையால் தொட்டே பிரித்தறிந்த மனுஷி, வாசப்படியில் நின்று “காலு எங்குட்டோ போகுதுடி” என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால் முதலில் எல்லா மாத்திரையையும் ஒரு பாயில் கொட்டுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை, கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, ஒன்றும் விடாமல். அட்டையில் ஒன்று கம்பெனி வைத்த பெயர். அதோடு மருந்தின் உண்மையான பெயரும் இருக்கும், அதைப் படியுங்கள். அம்மாவிடம் இருந்த பச்சை அட்டையும் வெள்ளை அட்டையும் வேறு வேறு மாத்திரை என்றே நினைத்திருந்தோம். இரண்டிலும் தூக்கத்துக்கான குளோனாசெபாம் 0.5 மில்லிகிராம். இரண்டு டாக்டர் சீட்டிலிருந்து ஒரே மருந்து இரட்டிப்பாக உள்ளே போயிருக்கிறது. வயதானவர்களுக்கு இந்த வகை மருந்து தள்ளாட்டம் கொடுக்கும், ஞாபகத்தை மழுக்கும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களும் உண்டு. கடைக்காரர் அட்டையை வெட்டிக் கொடுத்தால் பெயர் போய்விடும், அதனால் பெயர் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து ஒரு நோட்டு. மருந்தின் பெயர், யார் எப்போது எழுதினார், எதற்கு, அதற்குப் பிறகு உடம்பில் என்ன மாறியது. எங்கள் நோட்டில் மூன்று மாத்திரைக்கு ‘எதற்கு’ என்ற இடம் காலியாகவே கிடந்தது.

நோட்டையும் மாத்திரைப் பையையும் ஒரே ஒரு மனநல மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கேட்க வேண்டியவை: இது இன்னும் தேவையா? எத்தனை நாளைக்கு? இதில் எது இன்னொரு மாத்திரையின் பக்கவிளைவுக்காக வந்தது? ரத்தம் பார்க்க வேண்டுமா? (சத்தத்துக்குத் தரும் ஓலான்சபின் மாதிரி மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும்.) கேட்கத் தயங்காதீர்கள். என்ன வைத்தியம், என்ன பக்கவிளைவு என்று தெரிந்துகொள்ளும் உரிமையை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டமே கொடுத்திருக்கிறது. நாங்கள் போன டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு, “வீட்டுக்காரர் எப்பம்மா தவறுனாரு?” என்றார். அம்மா முக்கால் மணி நேரம் பேசினார். துக்கத்தில் இருப்பவருக்குப் போனவரின் குரல் கேட்பது உண்டு, அது மட்டுமே வியாதி ஆகாது என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தயவுசெய்து நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். என் தம்பி கோபத்தில் எல்லாவற்றையும் குப்பையில் வீசினான். இரண்டாம் நாள் ராத்திரி அம்மா வேர்த்து, நடுங்கி, விடிய விடிய உட்கார்ந்திருந்தார். தூக்க மாத்திரையைச் சட்டென்று விட்டால் வலிப்பே வரலாம். பழைய வியாதி திரும்பிவிட்டதாக நினைத்து மறுபடி மாத்திரையைக் கூட்டியும் விடுவார்கள். எங்களுக்கு டாக்டர் சொல்படி முழுசை அரையாக்கி, அரையைக் காலாக்கி, நிறுத்த ஐந்து மாதம் ஆனது.

மாத்திரையே விஷம் என்பவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். சரியான வைத்தியம் கிடைக்காதவர்கள் எங்கே போய்ச் சேருகிறார்கள் என்பதை எங்கள் மாவட்டம் பார்த்திருக்கிறது. தேவையானவருக்குத் தேவையான அளவு மருந்து வேண்டும்.

நம் கடற்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இல்லாத சத்தம் கேட்பதை நிறுத்தத் தரும் மருந்துகளும் நடுக்க மாத்திரையும் உடம்புச் சூட்டை இறங்க விடாது. அதைச் சாப்பிடுகிறவரை மத்தியான வெயிலில் கருவாடு காயப்போட அனுப்பாதீர்கள். மனநிலை ஏறி இறங்குவதற்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் கடலுக்குப் போனால் இன்னும் கவனம். வேர்த்துக் கொட்டித் தண்ணீர் குறைந்தாலும், வாந்தி பேதி வந்தாலும், வலை இழுத்த முதுகுவலிக்கு டைக்குளோஃபினாக், ஐபுபுரோஃபென் மாதிரி வலி மாத்திரை போட்டாலும் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை அதிகமாக நடுங்கி, நாக்குக் குழறி, நடை தள்ளாடினால் அன்றே ஆஸ்பத்திரி. காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

மனநல டாக்டரைப் பார்க்க நாளாகும் என்றால் 14416-க்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் எண். ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. பேசும்போது அந்த நோட்டு கையில் இருக்கட்டும்.