பழைய லண்டன் வீட்டில் மரத்தரையை மாற்றுவது எப்படி?

கிழக்கு லண்டனில் பழைய வரிசை வீடு வாங்கிய நம்மவர்களுக்கு இது தெரிந்த கதைதான். முன்னறையில் யாராவது நடந்தால் டீபாய் மேல் இருக்கும் டம்ளர் ஆடும். ஜன்னலோரம் கால் வைத்தால் தரை மெத்தென்று இறங்கும். எங்கள் வீடு 1890களில் கட்டியது. ஒருநாள் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கிப் பலகையில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். டீயில் நனைத்த ரஸ்க்கில் இறங்குவதுபோல் கைப்பிடி வரை போய்விட்டது.

வேலையில் இறங்கும் முன், இந்தத் தரை எப்படி நிற்கிறது என்று பார்த்துவிடுவோம். அடியில் வெறும் மண். அதன்மேல் இடைவெளி விட்டுக் கட்டிய குட்டைச் சுவர்கள். அவற்றின் தலையில் கிடைமட்டமாக ஒரு கட்டை, பெயர் வால் பிளேட். அதற்குக் குறுக்கே, பெரும்பாலும் நாலுக்கு இரண்டு அங்குலக் கட்டைகள், சுமார் 400 மி.மீ.க்கு ஒன்றாக. இவைதான் ஜாய்ஸ்ட். இவற்றின்மேல் பலகை. வெளிச்சுவரில் ஓட்டை போட்ட ஏர் பிரிக் வழியாகக் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வேண்டும். அது ஓடும்வரை மரம் நூறு வருடம் தாண்டியும் நிற்கும்.

இங்கே சொல்வதெல்லாம் கீழ்த்தளத்துக்கு மட்டும். மாடித்தரையின் ஜாய்ஸ்டுகள் சுவர்களையும் பிடித்துக்கொண்டு நிற்பவை. இன்ஜினியர் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

படி 1: முதலில் வெளியே போங்கள்

எங்களுக்கு முன் இருந்தவர்கள் கார் நிறுத்த முன்வாசலை மேடாக்கி கான்கிரீட் போட்டிருந்தார்கள். இரண்டு ஏர் பிரிக்குகள் பாதிக்குமேல் புதைந்துவிட்டன. பார்க்க வந்த ஒரு நிறுவனம் வாசலை எட்டிக்கூடப் பார்க்காமல், சுவரில் ஈரம் தடுக்கும் மருந்து ஏற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்துவிட்டுப் போனது. எனக்குத் தேவைப்பட்டதோ கான்கிரீட்டை உடைப்பது. வெளித்தரை, சுவருக்குள் ஈரத்தைத் தடுக்கும் டிபிசி அடுக்குக்கு 150 மி.மீ. கீழே இருக்க வேண்டும். மழைநீர்க் குழாய், ரேடியேட்டர் குழாய் எங்காவது கசிகிறதா என்றும் பாருங்கள். இதைச் சரி செய்யாமல் புது மரம் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

கெட்ட மரத்தையும் உற்றுப் பாருங்கள். அழுகல் ஈரம் பட்ட இடத்தோடு நின்றால் அது வெட் ராட் வகை. ஈரத்தை நிறுத்தி, மரத்தை மாற்றினால் போதும். கட்டம் கட்டமாக வெடித்து, மேலே சாம்பல் வெள்ளைப் பூஞ்சைத்தோல், சுற்றிலும் துருநிறத் தூள் என்றிருந்தால் டிரை ராட் வகை. அது செங்கல் சுவருக்குள்ளேயே இழை விட்டு அடுத்த மரத்துக்குத் தாவும். அப்போது வேலையை நிறுத்தி, விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

படி 2: அனுமதியும் பாதுகாப்பும்

தரையில் பாதிக்கு மேல் மாற்றுவதானால் கட்டட விதிகளைப் பார்க்கும் கவுன்சிலின் பில்டிங் கன்ட்ரோலுக்குச் சொல்ல வேண்டும். குளிர்காப்பும் சேர்க்கச் சொல்வார்கள். பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரைக் குடைந்து கட்டை சொருகுவதானால் 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வால் சட்டப்படி இரண்டு மாதம் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். பழைய வினைல் டைலோ அதன் கறுப்புப் பசையோ இருந்தால் சுரண்டாதீர்கள், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; முதலில் பரிசோதனைக்கு அனுப்புங்கள். மின்சாரத்தை அணைத்துவிடுங்கள். தரைக்கடியில் கேஸ் குழாய் ஓடினால் அதை நகர்த்துவது பதிவு பெற்ற கேஸ் இன்ஜினியரின் வேலை.

படி 3: பழையதை எடுப்பது

முதல் பலகைதான் படுத்தும். பலகைகள் ஒன்றின் நாக்கு மற்றதன் காடியில் மாட்டியிருந்தால், ரம்பத்தின் ஆழத்தைப் பலகைத் தடிமனுக்கு மட்டும் வைத்து நாக்கை அறுங்கள். ஆழம் கூடினால் கீழே ஒயரோ குழாயோ மாட்டும். அப்புறம் கடப்பாரையால் ஆணிக்குப் பக்கத்திலேயே நெம்புங்கள். நல்ல பலகையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தக் கால மரம் இன்று கடையில் கிடைக்காது.

ஜாய்ஸ்டை நடுவில் அறுத்தால் இரண்டு துண்டாக எளிதில் வெளியே வரும். நல்ல பகுதியை விட்டுவைப்பதானால், வெட்டு குட்டைச் சுவரின் மேல் விழட்டும். அடியில் கிடக்கும் கல், மண், மரச்சீவலை அள்ளிவிடுங்கள். நான் பதினான்கு மூட்டை அள்ளினேன்.

படி 4: புது ஜாய்ஸ்ட்

பழைய அளவிலேயே, அழுகாமல் இருக்க மருந்தேற்றிய, சி24 என்ற வலிமைத் தர மரம் வாங்குங்கள். அறுத்த முனைகளில் மருந்தைத் தூரிகையால் பூசுங்கள். குட்டைச் சுவரின் மேல் டிபிசி பட்டை விரித்து, அதன்மேல் வால் பிளேட். நூல் கட்டி, ரசமட்டம் வைத்து மட்டம் பாருங்கள். தாழ்ந்த இடத்தில் ஸ்லேட் கல் துண்டு வையுங்கள். மரச்சக்கை வைத்தால் நாளடைவில் நசுங்கிவிடும்.

ஒவ்வொரு கட்டையையும் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பாருங்கள். லேசாக வளைந்திருக்கும். முதுகு மேலே வரும்படி வையுங்கள், பாரம் ஏற ஏற நேராகிவிடும். முன்பு கட்டையின் முனையைச் சுவருக்குள் சொருகி வைத்திருப்பார்கள், ஈரம் ஏறியதே அங்கிருந்துதான். இப்போது முனைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டு, வால் பிளேட்டின் மேலேயே நிறுத்திவிடுங்கள்.

குழாய்க்காகக் கட்டையின் தலையில் வெட்டு போடுபவர்கள் கவனிக்க: வெட்டின் ஆழம் கட்டை உயரத்தில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கலாம். 100 மி.மீ. கட்டைக்கு அது 12 மி.மீ. சாதாரண 15 மி.மீ. குழாய் அதில் அடங்காது! கட்டையின் அடியில் கொண்டுபோவதே நல்லது.

படி 5: குளிர்காப்பு

ஜாய்ஸ்டுகளின் மேல் வலையைத் தொட்டில்போல் தொங்கவிட்டு, அதில் மினரல் வூல் என்ற காப்புப் பஞ்சை நிரப்புங்கள். ஏர் பிரிக்கை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

படி 6: பலகை

புதுப் பலகையை ஒரு வாரமாவது அந்த அறையிலேயே போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் பொருத்திய பிறகு சுருங்கி இடுக்கு விழும். சுவரோரம் 10 மி.மீ. விடுங்கள், சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பலகை அதை மறைத்துவிடும். இரண்டு பலகை சேரும் இடம் ஜாய்ஸ்டின் நடுவில் வர வேண்டும். பக்கத்து வரிசையின் சேர்ப்பு அதே ஜாய்ஸ்டில் வரக்கூடாது. ஒவ்வொரு ஜாய்ஸ்டிலும் பலகைக்கு இரண்டு ஆணி.

ஒரே ஒரு குட்டைப் பலகையை மட்டும் ஆணி அடிக்காமல் திருகால் பொருத்துங்கள். எங்கள் வீட்டில் அது சோபாவுக்குப் பின்னால், முன்பு புதைந்து கிடந்த ஏர் பிரிக்குக்கு நேரே இருக்கிறது. குளிர்காலத்தில் ஒருமுறை அதைக் கழற்றி, டார்ச் அடித்து, கையை நீட்டிப் பார்ப்பேன். சில்லென்று காற்று பட்டால் பலகையைத் திரும்ப மூடிவிடுவேன்.