சந்தாலி பேசுகிறவர் ஒசூரிலேயே இருக்கிறார்: மொழித் தரவு வேலைக்கு ஒரு சின்னக் குழு நடத்துவது எப்படி

தென்கிழக்காசிய மொழிகளின் கணினி ஆய்வு என்றதும் பாங்காக், சிங்கப்பூர், பெரிய பல்கலைக்கழகம் என்றுதான் மனசு போகும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இதற்கு என்ன செய்துவிட முடியும் என்று கேட்டால், நிறையவே முடியும்: அந்த மொழிகளுக்கு உறவான மொழி பேசுகிறவர்களை இங்கேயே கண்டுபிடித்து, அவர்கள் சொற்களையும் குரலையும் பதிந்து கொடுக்கலாம். கம்போடியாவின் கெமர், வியட்நாமியம், மோன் எல்லாம் ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்து மொழிகள், அந்தக் குடும்பத்தின் இந்தியக் கிளைகளில் ஒன்றான முண்டாவைச் சேர்ந்தவைதான் சந்தாலி, முண்டாரி, ஹோ. சந்தாலியில் மூன்றும் நான்கும் பே, போன். வியட்நாமியத்தில் பா, போன். 2011 கணக்கெடுப்பில் சந்தாலி பேசுகிறவர்கள் 73 லட்சத்துக்கு மேல், ஹோ பேசுகிறவர்கள் சுமார் 14 லட்சம். ஒசூர் சிப்காட் பக்கம் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை பார்க்கிற பையன்களிடம் "வீட்டில் அம்மாவிடம் என்ன பேசுவீர்கள்?" என்று கேளுங்கள். இந்தி என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கி, அப்புறம் வேறொரு பெயர் சொல்பவர்தான் உங்களுக்கு வேண்டியவர்.

பெரிதாக யோசிக்க வேண்டாம். பாங்காக்கில் சிஆர்சிஎல் என்ற சின்ன லாபநோக்கில்லா அமைப்பும் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்துத் தென்கிழக்காசிய மையமும் சேர்ந்து 2005இல் சீலாங் என்ற இணைய நூலகத்தை ஆரம்பித்தன. செய்தது என்னவோ பொறுமையான வேலைதான்: அச்சில் கிடந்த அகராதிகளைக் கணினியில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் தேடும்படி வைத்தார்கள். தாய்லாந்தின் தாய், கெமர், லாவோஸின் லாவோ மொழிகளில் நம்மைப்போல் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு எழுதுவதில்லை, ஒரு சொல் எங்கே முடிகிறது என்று கணினிக்குக் காட்டுவதற்கே நல்ல சொற்பட்டியல் வேண்டும், அதனால் அந்த வேலைக்கு அவ்வளவு மதிப்பு. பிறகு ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தின் மோன்-கெமர், முண்டா மொழிகளையும் எடுத்துக்கொண்டார்கள். நம் வேலையும் இதே வகைதான்.

முதலில் சங்கம் பதிவு செய்ய ஓடாதீர்கள். நம் ஊரில் நல்ல காரியம் என்றாலே லெட்டர்பேடும் முத்திரையும் முதலில் வந்துவிடும், வேலை அப்புறம். நாலைந்து பேர், ஒரு கல்லூரி மொழித்துறையோ ஏற்கெனவே நடக்கிற ஒரு அறக்கட்டளையோ பின்னால் நின்றால் போதும். ஒரு தொகுப்பு கையில் வந்தபிறகு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். குறைந்தது 7 உறுப்பினர்கள், ஒரு பைலா, அதாவது சங்கத்தின் விதிமுறைகள். அதன்பிறகு வருடாவருடம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், அதற்கு ஆள் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆள் பிடிக்கும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: கான்ட்ராக்டர் மூலமாகவோ சூப்பர்வைசர் மூலமாகவோ போகாதீர்கள். சம்பளம் கொடுக்கிறவர் சொன்னால் அந்தப் பையனால் மாட்டேன் என்று சொல்ல முடியாது, அப்படி வாங்குகிற சம்மதம் சம்மதமே இல்லை. டீக்கடையிலோ சந்தையிலோ நேராகப் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் போனால் எவ்வளவு கிடைக்குமோ அதற்குக் குறையாமல் கொடுங்கள், மொழிச் சேவை என்று சொல்லி ஓசியில் வேலை வாங்குவது அநியாயம். சம்மதத்தை அவர் மொழியிலேயே, எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஒலிப்பதிவாகவே வாங்குங்கள். குரல் பொதுவில் போனபின் திரும்ப எடுக்க முடியாது, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றால் விட்டுவிடுங்கள்.

சரி, பதிவு. ஸ்டூடியோ தேவையில்லை, ஆனால் அவர்கள் தங்கியிருக்கிற லைன் வீட்டு அறை சரிப்படாது. ஃபேனை நிறுத்தினால் பக்கத்து அறைக் குக்கர் விசில் அடிக்கும், அது ஓய்ந்தால் லாரி ஹாரன். விடுமுறை நாளில் ஒரு டியூஷன் சென்டர் அறையைக் கேட்டு வாங்கி, ஜன்னலில் கம்பளி தொங்கவிட்டால் போதும். போனில் ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்று வைத்துக்கொண்டு, இரைச்சல் நீக்கும் வசதியைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். ஏன் என்றால், சந்தாலியில் பல சொற்களின் கடைசியில் வரும் மெய் பாதியிலேயே அமுக்கி நிறுத்தப்படும், காற்று வெளியே வராது. கெமரிலும் வியட்நாமியத்திலும்கூடச் சொல்லின் கடைசி மெய் இப்படி வெளிவிடாமல் நிற்கும். அந்த மெல்லிய முடிவை இரைச்சல் என்று நினைத்து மென்பொருள் வெட்டிவிட்டால் நீங்கள் பதிந்தது பாதிச் சொல்தான். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினாலும் ஒலி சுருங்கிவிடும், அனுப்பியே ஆக வேண்டும் என்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை சொல்லச் சொல்லி, நடுவில் ஒரு மூச்சு இடைவெளி விடச் சொல்லுங்கள்.

எந்தச் சொற்கள் என்று குழம்ப வேண்டாம், மொழியியலாளர்கள் பல காலமாகப் பயன்படுத்தும் ஸ்வாதேஷ் பட்டியல் இருக்கிறது: கண், காது, தண்ணீர், நெருப்பு மாதிரி. அது முடிந்ததும் பேச விட்டுவிடுங்கள். ஊர் விதைப்பு, பண்டிகை, ரயிலில் வந்த கதை என்று அவர் பேசுகிற பத்து நிமிடம் பட்டியலைவிடப் பலமடங்கு உபயோகம்.

எழுதுவதற்கு ஒரு அட்டவணை போதும். சொல், பொருள், கோப்புப் பெயர், பேசியவரின் ஊர், வயது, தேதி. பெயர் வேண்டாம், எண் கொடுங்கள். சந்தாலிக்கு ஓல் சிக்கி எழுத்து உண்டு, 1925இல் ரகுநாத் முர்மு உருவாக்கியது, ஒருங்குறியில் (யூனிகோட்) 2008இலிருந்து இருக்கிறது. ஹோ மொழியின் எழுத்தான வாரங் சிதி அதில் 2014இல் சேர்ந்தது. பேசுகிறவருக்கு எழுத வந்தால் அவரையே எழுதச் சொல்லுங்கள், வராவிட்டால் தேவநாகரியில் ஒலியை எழுதிவைத்துப் பின்னால் சரிபார்க்கலாம். எழுத்து சிதையாமல் இருக்க யுடிஎஃப்-8 முறையில், சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாகச் சேமியுங்கள். மொழிக்கான மூன்றெழுத்து ஐஎஸ்ஓ குறியீட்டை (சந்தாலிக்கு எஸ்-ஏ-டி, ஹோவுக்கு ஹெச்-ஓ-சி) கோப்புப் பெயரிலேயே போட்டுவிட்டால் பின்னால் தலைவலி இல்லை.

தொகுப்பைக் கொடுக்க இடங்கள் உண்டு. வாக்கியம் படித்துப் பதிவதற்கு மொசில்லாவின் காமன் வாய்ஸ் என்ற பொதுக் குரல் தொகுப்பு, 2017இல் தொடங்கியது, சந்தாலி அதில் இருக்கிறது. தனிச்சொல் ஒலிப்புக்கு லிங்குவா லிப்ரே என்ற தளம், அதில் பதிந்தது விக்கிப்பீடியாவின் பொது ஊடகக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் போய்ச் சேரும். சந்தாலி விக்கிப்பீடியா 2018இலிருந்து ஓடுகிறது, அதில் எழுதுகிறவர்களிடம் பேச்சுப் பக்கத்தில் கேட்டால் பிழை திருத்தவும் ஆள் கிடைக்கலாம்.

இனி பணம். வெளிநாட்டு அமைப்பு ஏதாவது மானியம் தருகிறேன் என்றால் உடனே கணக்கு எண் கொடுத்துவிடாதீர்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2010இன் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவுக்குப் பொதுவாக 3 வருட அனுபவமும் அந்த வருடங்களில் 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும், பணம் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் முதலில் வரலாம். நம்மைப் போன்ற சின்னக் குழுவுக்கு இது எட்டாக்கனி. அதனால் வெளிநாட்டுக்குத் தரவைக் கொடுங்கள், பணத்தை உள்ளூரில் தேடுங்கள். ஒசூரில் பெரிய கம்பெனிகளுக்குக் குறைவில்லை, 2013 கம்பெனிகள் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குப் போக வேண்டியவை அவற்றில் உண்டு. கல்வி, பண்பாடு என்ற தலைப்பில் விண்ணப்பிக்கலாம், ஆனால் வாங்குகிற அமைப்புக்கு 12ஏபி, 80ஜி என்று பழக்கத்தில் சொல்லப்படும் வருமான வரிப் பதிவுகளும், இந்தச் சமூகப் பணிப் பணத்தை வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவும், 3 வருட வேலை வரலாறும் வேண்டும். பின்னால் நிற்க ஒரு அறக்கட்டளையைத் தேடச் சொன்னது இதற்காகத்தான். கம்பெனிக்குப் போகும்போது திட்ட அறிக்கையைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோவதைவிட, அவர்கள் ஷாப்ஃப்ளோரில் வேலை பார்க்கிறவர்களின் மொழியில் பாதுகாப்பு அறிவிப்பு ஒன்றைப் பதிந்து போட்டுக் காட்டுங்கள், ஹெச்ஆர் மேலாளர் நிமிர்ந்து உட்காருவார்.