நாயின் காதைக் குடையாமல் சுத்தம் செய்வது எப்படி?

முதலில் பட்ஸை ஓரமாக வைத்துவிடுங்கள். நாயின் காதுக்குழாய் மேலிருந்து கீழே இறங்கி, அப்புறம் உள்பக்கமாகத் திரும்பும். பட்ஸ் விட்டுக் குடைந்தால் குறும்பி வெளியே வராது, அந்த வளைவில் போய் அடைத்துக்கொள்ளும்.

தொடங்கும் முன் காதைத் தூக்கிப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். உள்ளே வெளிறிய இளஞ்சிவப்பாக, வாடை இல்லாமல் இருந்தால் எதுவும் செய்ய வேண்டாம். காது நிமிர்ந்து நிற்கும் நாட்டு நாய்களுக்குக் காற்றோட்டம் இருப்பதால் இந்த வேலை பெரும்பாலும் தேவைப்படாது. லாப்ரடார், காக்கர் ஸ்பானியல் மாதிரி தொங்கு காது நாய்களுக்குத்தான் உள்ளே ஈரமும் அழுக்கும் தங்கும்.

சிவந்திருக்கிறதா, கெட்ட வாடை வருகிறதா, சீழோ காப்பித்தூள் மாதிரி கறுப்பு அழுக்கோ தெரிகிறதா, தொட்டால் கத்துகிறதா, தலையை ஒருபக்கமாகச் சாய்த்தே வைத்திருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் நீங்கள் சுத்தம் செய்யாதீர்கள், கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் ஊற்றும் மருந்து நடுக்காதுக்குள் போய்க் காது கேட்பதையும் நடையின் நிதானத்தையும் கெடுத்துவிடலாம். அதோடு, அந்த அழுக்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் பூஞ்சையா, பாக்டீரியாவா, காதுப்பேன் என்கிற சின்னப் பூச்சியா என்று அவருக்குத் தெரியும், நீங்கள் துடைத்துவிட்டுப் போனால் பார்க்க ஒன்றும் இருக்காது.

மற்றபடி, நாய்களுக்கென்றே விற்கும் இயர் கிளீனரை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், வினிகர் எல்லாம் எரியும், தோலைப் புண்ணாக்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், உள்ளேயே தங்கி அழுக்கைப் பிடித்துக்கொள்ளும்.

பாட்டில் ஜில்லென்று இருந்தால் கொஞ்ச நேரம் கையில் பிடித்துச் சூடாக்குங்கள். காது மடலை மேலே தூக்கி, பாட்டில் முனை காதில் படாமல், குழாய் நிறையும் அளவுக்கு ஊற்றி, காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்தே 20, 30 நொடி மெதுவாகப் பிசையுங்கள். சளக் சளக் என்று சத்தம் வந்தால் சரியாகப் பிசைகிறீர்கள். அப்புறம் விட்டுவிடுங்கள், நாய் தலையை உதறட்டும்; ஆழத்தில் இருக்கும் அழுக்கு அந்த உதறலில்தான் மேலே வரும் (சுவரிலும் உங்கள் மேலும் தெறிக்கும், பழைய துண்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்). விரலில் பஞ்சைச் சுற்றி, விரல் தானாகப் போகிற அளவுக்கு மட்டும் துடையுங்கள். அடுத்த காதுக்கு வேறு பஞ்சு. நடுவில் மிரண்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், அமுக்கிப் பிடித்துச் செய்தால் அடுத்த தடவை காதைத் தொடவே விடாது.

அடிக்கடி செய்தால் அதுவே தோலை உறுத்தும். குளிப்பாட்டிய பிறகு காதின் ஈரத்தைத் துடைத்துவிடுவது எப்போதும் நல்லது. அடுத்த நாளும் விடாமல் தலையை உதறினால் மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படி உதறி உதறியே மடலுக்குள் ரத்தக்குழாய் உடைந்து, காது தலையணை மாதிரி வீங்கிவிடுவது உண்டு.