ரேஸ் லாரி ஓட்டும் வேலை: உள்ளே நுழைவது எப்படி, தாக்குப்பிடிப்பது எப்படி

ஃபார்முலா 1 பந்தயத்தை டிவியில் பார்க்கும்போது, பின்னால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல வரிசையாக நிற்கும் பளபள லாரிகளைக் கவனித்திருப்பீர்கள். அதை ஓட்டி வருகிறவர்களுக்கு அந்த உலகத்தில் டிரக்கி என்று பெயர். இங்கிலாந்தில் ஒரு சின்ன அணியில் மூன்று சீசன் நான் அந்த வேலை பார்த்தேன். ஃபார்முலா 1 இல்லை, அதற்குப் பல படி கீழே. ஊரில் யாரிடம் சொன்னாலும் "ஓசியில் ரேஸ் பார்க்கலாம், சம்பளமும் வரும், கசக்குமா?" என்றுதான் கேட்பார்கள். மூன்று வருஷத்தில் ஒரு பந்தயத்தைக்கூட முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை உட்கார்ந்து பார்த்ததில்லை. வண்டி ஓட்டுவது இந்த வேலையில் கால் பங்குதான், மீதி முக்கால் பங்கு என்ன என்று தெரிந்துகொண்டு வந்தால் தப்பிக்கலாம்.

முதலில் வேலை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். லாரியில் போவது ஐரோப்பியப் பந்தயங்களுக்கு மட்டும். ஆஸ்திரேலியா, ஜப்பான், பிரேசில் போன்ற ஊர்களுக்குச் சாமான் எல்லாம் விமானத்திலும் கப்பலிலும் போய்விடும். 2025 ஃபார்முலா 1 சீசனில் மொத்தம் 24 பந்தயம். அதில் மே மாதம் இமோலாவில் தொடங்கி செப்டம்பரில் மோன்சா வரை 9 பந்தயங்கள்தான் லாரிக்காரர்களுக்கு உரியவை. அணிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் இருக்கின்றன: சில்வர்ஸ்டோன், பிராக்லி, மில்டன் கீன்ஸ், வோக்கிங், குரோவ், என்ஸ்டோன். ஃபெராரி இத்தாலியில் மரனெல்லோவில், ரேசிங் புல்ஸ் அதே இத்தாலியில் ஃபயென்சாவில். ஃபார்முலா 3, ஜிடி, டூரிங் கார் என்று ஓட்டும் சின்ன அணிகளும் இங்கிலாந்தில் நிறைய உண்டு. புதிதாக வருகிறவருக்குக் கதவு திறப்பது அங்கேதான், நேராகப் பெரிய அணிக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் ஒரு ஏமாற்றம். நாமக்கல்லில் இருபது வருஷம் ஹெவி ஓட்டியிருந்தாலும் சரி, கொழும்பில் கண்டெய்னர் ஓட்டியிருந்தாலும் சரி, இந்திய, இலங்கை லைசென்ஸைக் காட்டி பிரிட்டிஷ் லாரி லைசென்ஸாக மாற்ற முடியாது. மருத்துவச் சான்று, எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு என்று ஆரம்பத்திலிருந்து வரவேண்டும். எடுக்கவேண்டியது சி பிளஸ் இ, அதாவது டிரெய்லர் இழுக்கும் லைசென்ஸ். கூடவே டிரைவர் சிபிசி என்ற தொழில் தகுதி, அதைத் தக்கவைக்க 5 வருஷத்துக்கு ஒருமுறை 35 மணி நேர வகுப்பு. இதெல்லாம் அந்த நாட்டில் வேலை செய்யும் உரிமை ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கான பேச்சு, லாரி ஓட்ட விசா வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

லைசென்ஸ் கிடைத்ததும் ஒன்றிரண்டு வருஷம் சாதாரண லோடு ஓட்டுங்கள், முடிந்தால் ஐரோப்பா போய் வரும் கம்பெனியில். கச்சேரி மேடை, கண்காட்சி சாமான் ஏற்றும் வண்டி என்றால் இன்னும் நல்லது, ஏனென்றால் ரேஸ் வேலையும் அதே ஜாதிதான்: ஒரு ஊரில் பந்தல் போட்டு, பிரித்து, அடுத்த ஊரில் மறுபடி போடுவது. அப்புறம் கையில் இன்னொரு தொழில் இருக்கட்டும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியும், வெல்டிங் தெரியும், கரண்ட் வேலை தெரியும், இருபது பேருக்குச் சமைக்கத் தெரியும், ஏதாவது ஒன்று. சின்ன அணி தனியாக டிரைவர் என்று யாரையும் வைத்துக்கொள்ளாது. சீசன் முடிந்த அக்டோபர், நவம்பரில் விண்ணப்பம் அனுப்புங்கள், அப்போதுதான் ஆள் மாறும். "நான் சின்ன வயதிலிருந்தே ரேஸ் ரசிகன்" என்று தயவுசெய்து எழுதாதீர்கள், அதை எழுதாத ஆளே கிடையாது. "டிரெய்லரை மூன்று அங்குல இடைவெளியில் ரிவர்ஸில் சொருகுவேன், கார்னே என்ற சுங்கக் காகித வேலை தெரியும்" என்று எழுதினால் போன் வரும்.

இனி கடிகாரத்துக்கு வருவோம், இதுதான் இந்த வேலையின் உண்மையான முதலாளி. வண்டியில் டாக்கோகிராஃப் என்ற கருவி இருக்கும், உங்கள் பெயரில் உள்ள கார்டைச் சொருகினால்தான் சட்டப்படி ஓட்டலாம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தவேண்டும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. வாரத்துக்கு 56, இரண்டு வாரம் சேர்த்து 90 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தினமும் 11 மணி நேர ஓய்வு, அதை 9 ஆகக் குறைக்க ஒரு வாராந்திர ஓய்வுக்கும் அடுத்த வாராந்திர ஓய்வுக்கும் நடுவே மூன்று தடவைதான் சலுகை. நம் ஊர் மாதிரி டீயைக் குடித்துவிட்டு விடியவிடிய ஓட்டும் கதை நடக்காது, ரோட்டில் மடக்கி கார்டை உருவிப் பார்த்தால் நடந்தது எல்லாம் நிமிடக் கணக்கில் வந்துவிடும்.

புதிதாக வருகிறவர்கள் சிக்குவது ஓட்டும் நேரத்தில் அல்ல, ஓட்டாத நேரத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு கேரேஜில் டயர் தள்ள ஆரம்பித்தால் உங்கள் வேலை நாள் அப்போதே தொடங்கிவிட்டது. 24 மணி நேரத்துக்குள் 11 மணி ஓய்வு வேண்டும் என்றால் இரவு 8 மணிக்கு நீங்கள் முடித்தாக வேண்டும், சலுகையைப் பயன்படுத்தினாலும் 10 மணி. பந்தயம் முடிந்து எல்லாவற்றையும் கட்டி ஏற்றவே அந்த நேரம் ஆகிவிடும், அதற்கு மேல் வண்டி எடுத்தால் குற்றம். அதனால்தான் வசதியான அணிகள் ஞாயிறு முழுக்க ஹோட்டலில் தூங்கி எழுந்து இரவு வந்து ஸ்டியரிங் பிடிப்பதற்கென்றே தனி டிரைவர்களை வைத்திருக்கின்றன. சின்ன அணியில் அது இருக்காது. "சும்மா நின்றுகொண்டுதானே இருந்தாய், ஓய்வு என்று போட்டுக்கொள்" என்று யாராவது சொல்வார்கள். போடாதீர்கள். டாக்கோகிராஃபில் கேரேஜில் நின்ற நேரத்துக்கு வேலை என்று சுத்தியல் படம், தூங்கிய நேரத்துக்கு ஓய்வு என்று கட்டில் படம், மாற்றிப் போட்டு மாட்டினால் லைசென்ஸ் உங்களுடையது, சொன்னவருடையது அல்ல.

ஒரு பயணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 2025-இல் ஆகஸ்ட் 31 நெதர்லாந்தின் சாண்ட்வூர்ட், செப்டம்பர் 7 இத்தாலியின் மோன்சா. நடுவில் சுமார் 1,100 கிலோமீட்டர். ஜெர்மனியில் ஞாயிறு இரவு 10 மணிவரை லாரி ஓடக் கூடாது, சுவிட்சர்லாந்தில் ஞாயிறும் கிடையாது, தினமும் இரவு 10 முதல் காலை 5 வரையும் கிடையாது. தனி அனுமதி வாங்க வழி இருக்கலாம், ஆனால் கையில் காகிதம் இல்லாமல் அதை நம்பக் கூடாது. ஞாயிறு நள்ளிரவு இரண்டு டிரைவருடன் சாண்ட்வூர்ட்டை விட்டுக் கிளம்பினால் ஜெர்மனியின் தடை முடிந்திருக்கும். அங்கே லாரிக்கு 80 கிலோமீட்டர் வேகம்தான், ஆகவே சுவிஸ் எல்லையான பாசல் வர திங்கள் காலை பத்து, பதினொன்று ஆகிவிடும், சுவிஸ் இரவுத் தடையும் அதற்குள் முடிந்திருக்கும். அங்கிருந்து 350 கிலோமீட்டர், நடுவே 16.9 கிலோமீட்டர் நீள கோட்ஹார்ட் சுரங்கம். 2001-இல் இரண்டு லாரிகள் மோதி தீப்பிடித்து 11 பேர் இறந்த பிறகு, லாரிகளை அங்கே சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே விடுகிறார்கள், அந்தக் காத்திருப்புக்கும் நேரம் ஒதுக்குங்கள். இரண்டு பேர் ஓட்டினால் 30 மணி நேரத்துக்குள் ஆளுக்கு 9 மணி ஓய்வு எடுத்தால் போதும் என்பதால் திங்கள் மாலைக்குள் மோன்சா. தனி ஆள் என்றால் செவ்வாய்தான்.

2018-இல் ஃபார்முலா 1 முதல்முறையாக மூன்று வாரம் தொடர்ந்து பந்தயம் வைத்தது: ஜூன் 24 பிரான்ஸ், ஜூலை 1 ஆஸ்திரியா, ஜூலை 8 இங்கிலாந்து. காலண்டர் போட்டவர்கள் வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்த்தார்களா என்று எனக்கு இன்னும் சந்தேகம். பிரான்ஸின் தென்கோடியிலிருந்து ஆல்ப்ஸ் மலை, அங்கிருந்து ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி சில்வர்ஸ்டோன், இதற்கிடையில் கேரேஜைக் கட்டிப் பிரித்துக் கட்டவேண்டும்.

காகிதம். 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டன் ஐரோப்பியச் சந்தையை விட்டு வெளியே வந்துவிட்டதால், ஒவ்வொரு தடவை கடலைத் தாண்டும்போதும் ஏடிஏ கார்னே என்ற ஆவணம் தேவை. லாரிக்குள் உள்ள ஒவ்வொரு சாமானும், கார், இன்ஜின், ஜாக், வீல் கன் என்று பட்டியலில் இருக்கவேண்டும். தற்காலிகமாகக் கொண்டுபோகிறோம், திருப்பிக் கொண்டுவந்துவிடுவோம் என்ற வாக்குறுதிதான் அது. பிரிட்டனை விட்டுப் போகும்போது ஒரு முத்திரை, ஐரோப்பாவுக்குள் நுழைய ஒன்று, வெளியேற ஒன்று, வீடு திரும்ப ஒன்று. சுவிட்சர்லாந்து வழியாகப் போனால் அங்கே தனிக் கணக்கு. தீர்ந்துபோகிற பொருள், அதாவது எண்ணெய், சாப்பாடு, ரசிகர்களுக்குக் கொடுக்கும் தொப்பி இதெல்லாம் கார்னேயில் வராது, அதற்கு வேறு வழி பார்க்கவேண்டும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு இரவு மூன்று மணிக்குத் துறைமுகம் வந்தேன், கப்பல் கிளம்பப் போகிறது, சுங்க கவுண்டரில் நீண்ட வரிசை. ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வெளியேறும் முத்திரை வாங்காமல் ஏறிவிட்டேன். பல மாதம் கழித்து, சாமான் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டது என்று வரி கேட்டு அணிக்குக் கடிதம் வந்தது. முழுக்க என் தவறு. கப்பல் போனால் போகட்டும், அடுத்தது வரும், முத்திரை வாங்காமல் நகராதீர்கள்.

மைதானத்துக்குள் நுழைந்ததும் முதல் பரீட்சை பார்க்கிங். ஃபார்முலா 1-ஐ பெர்னி எக்கிள்ஸ்டன் நடத்திய காலத்திலிருந்து லாரிகள் ஒரே கோட்டில் நிற்கவேண்டும் என்பது சட்டம்போல ஆகிவிட்டது, சின்னப் பந்தயங்களும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. தரையில் கயிறு கட்டியிருப்பார்கள், பக்கத்து லாரிக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு ஆள் நுழையும் இடம். ஒருவர் பின்னால் நின்று கை காட்டுவார். அவர் கண்ணாடியில் தெரியாமல் போனால் அந்த நொடியே பிரேக், "கொஞ்சம்தானே" என்று நினைக்கவே கூடாது. நின்றதும் இன்ஜினை அணைத்துவிட்டுத் தூங்கலாம் என்று பார்த்தால், வாளியும் பிரஷும் வரும். ரோட்டில் வந்த அழுக்கு அப்படியே தெரிய ரேஸ் லாரி நிற்பது அவமானம். வீல் நட்டுகூட மின்னவேண்டும். முதல் சீசன் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது, ஸ்பான்சர் வந்து லாரி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டதைப் பார்த்த பிறகு புகார் சொல்வதை விட்டேன்.

அப்புறம் தரைவிரிப்பு, சுவர்ப் பலகை, விளக்கு, காற்றுக் குழாய், கேபிள். சின்ன அணியாக இருந்தால் இரண்டு டிரெய்லருக்கு நடுவே கூடாரத் துணியை இழுத்துக் கட்டி அதற்குள்தான் கேரேஜ். காற்று அடித்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் டிரைவர்தான். பந்தய நாட்களில் டயர் உங்கள் பொறுப்பாக வர வாய்ப்பு அதிகம். ஃபார்முலா 1-இல் வழக்கமான வார இறுதிக்கு ஒரு காருக்கு 13 செட் உலர் டயர், இரண்டு காருக்குச் சேர்த்தால் 104 டயர், மழை டயர் தனி. ரிம்மைத் தள்ளுவண்டியில் டயர் கம்பெனியான பிரெல்லியிடம் கொண்டுபோய் டயர் மாட்டி வாங்கி வரவேண்டும், முடிந்ததும் திருப்பித் தரவேண்டும். எந்த செட் எந்தக் காருக்கு என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருங்கள், இன்ஜினியர் கத்தும்போது நினைவிலிருந்து பதில் வராது.

திரும்ப ஏற்றுவதுதான் கலை. கனமானது கீழே, ஆக்சிலுக்கு மேலே. அடுத்த ஊரில் முதலில் தேவைப்படுவது கடைசியில் ஏறவேண்டும், அதாவது தரைவிரிப்பும் சுவர்ப் பலகையும் கதவுப் பக்கம். கார்கள் பெரும்பாலும் டெயில்லிஃப்டில் தூக்கி மேல் தளத்துக்குப் போகும். ஃபேக்டரியில் ஒழுங்காக ஏற்றிய அன்றைக்கே ஒவ்வொரு அடுக்கையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிறு இருட்டில் மழையில் எல்லோரும் சோர்ந்திருக்கும்போது அந்தப் படம் இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். மெக்கானிக்குகள் அவசரத்தில் எதையாவது இடுக்கில் திணிப்பார்கள், பெல்ட் போடாத ஒரு டூல்பாக்ஸ் முதல் பிரேக்கிலேயே காரின் இறக்கையை உடைத்துவிடும். கதவைப் பூட்டுவது நீங்கள் என்றால் கடைசி வார்த்தையும் உங்களுடையதாக இருக்கட்டும். ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளில் உயரம் 4 மீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பதையும் கேபினில் ஒட்டி வையுங்கள், கூரையில் ஆண்டெனாவை மடக்க மறப்பது எல்லோருக்கும் ஒருமுறை நடக்கும்.

வாழ்க்கை எப்படி இருக்கும் என்றால், வாரத்துக்கான முழு 45 மணி நேர ஓய்வைக் கேபினுக்குள் எடுக்கக் கூடாது என்பது ஐரோப்பியச் சட்டம், அதனால் ஹோட்டல் அறை கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் எந்த 180 நாளிலும் ஷெங்கன் நாடுகளில் 90 நாள்தான் இருக்கலாம், கோடையில் அது மளமளவென்று கரையும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால் பலமுறை போய்வரும் ஷெங்கன் விசாவுக்கு சீசன் தொடங்குவதற்கு முன்பே போடவேண்டும். கல்யாணம், காதுகுத்து எல்லாம் மே முதல் செப்டம்பர் வரை உங்களுக்குக் கிடையாது என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்தச் சண்டையை மார்ச்சிலேயே முடித்துவிடுவது நல்லது.

சாப்பாட்டுக்கு ஒரு சின்ன ரைஸ் குக்கர் கேபினில் இருந்தால் நிம்மதி. ஆனால் பிரிட்டனிலிருந்து ஐரோப்பாவுக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது, 2021-இல் டச்சு சுங்கத்தார் லாரி டிரைவர்களிடம் சாண்ட்விச்சைப் பிடுங்கிய காட்சியே டிவியில் வந்தது. ஆகவே கட்டுச்சோறு என்றால் புளியோதரை. தயிர் சாதத்துக்குத் தயிரை பிரான்ஸின் கலே துறைமுகம் தாண்டியதும் ஏதாவது பிரெஞ்சுக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், அது கொஞ்சம் புளிக்காமல்தான் இருக்கும்.