தருமம் செய்யுமுன்னும் செய்தபின்னும் உள்நோக்கத்தைச் சோதித்துக்கொள்வது எப்படி

காவிரி டெல்டாவில் பெரும்பாலான தேவாலயங்களில், மின்விசிறியின் இறக்கையிலோ குழல்விளக்கின் மேலோ 'உபயம்' என்று தொடங்கி ஒரு குடும்பத்தின் பெயர் எழுதியிருப்பதைக் காணலாம். சில விளக்குகளில் எழுத்து நெருக்கமாக இருப்பதால், அந்த அளவுக்கு வெளிச்சம் கீழே இறங்காமல் நின்றுவிடுகிறது. விளக்கு வாங்கிக் கொடுத்தவர்களைக் குறைசொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. அந்த விளக்கின் கீழ்தான் நானும் வேதம் வாசித்தேன். ஆனால், ஒரு நற்கிரியைக்குள் செய்பவருடைய ஆசை எப்படிப் புகுந்து நிற்கிறது என்பதைக் கண்ணால் காண இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: நற்கிரியை எதற்கு விலை? எபேசியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து, எட்டாம் வசனத்திலிருந்து பத்தாம் வசனம்வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். கிருபையினால், விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது கிரியைகளினால் உண்டானதல்ல என்று சொன்ன பவுல், அடுத்த வரியிலேயே நாம் நற்கிரியைகளைச் செய்வதற்காகவே சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்கிறார். கிரியை வேரல்ல, கனி என்பதே இதன் பொருள். 1563-இல் வெளிவந்த ஹைடெல்பெர்க் வினாவிடை என்னும் சீர்திருத்தச் சபையாரின் விசுவாசப் பாடநூல், மனிதனின் பாவநிலை, மீட்பு, நன்றி என்னும் மூன்று பகுதிகளாக அமைந்தது; நற்கிரியைகளைப் பற்றிய பாடம் அதில் 'நன்றி' என்னும் மூன்றாம் பகுதியில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. இதே கடற்கரையில் லுத்தரன்களின் தரங்கம்பாடியும் கத்தோலிக்கர்களின் வேளாங்கண்ணியும் இருக்கின்றன. இந்த இரு சபைகளும் நூற்றாண்டுகளாக வாதிட்ட பொருளும் இதுவே. அவை 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கையெழுத்திட்ட கூட்டு அறிக்கை, நற்கிரியைகள் நீதிமானாக்கப்படுதலை, அதாவது தேவன் மனிதனை நீதிமானாக ஏற்றுக்கொள்வதை, பின்தொடரும் கனிகள் என்று ஒன்றாக ஏற்றுக்கொண்டது. ஆகவே எந்தச் சபையைச் சேர்ந்தவராயிருந்தாலும், கொடுப்பதற்குமுன் தனிமையில் உட்கார்ந்து உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: நான் நன்றியாகக் கொடுக்கிறேனா, அல்லது எதையாவது வாங்குவதற்காகக் கொடுக்கிறேனா?

வாங்கப் பார்க்கும் பொருள் பலவிதமாக இருக்கலாம். "பிள்ளைக்கு வேலை கிடைத்தால் நூறு பேருக்குச் சாப்பாடு போடுகிறேன்" என்று நேர்ந்துகொள்வது நம் ஊரில் எல்லாச் சமயத்தாரிடமும் உள்ள வழக்கம். கிடைத்தபின் நன்றியோடு பந்தி வைப்பதை நான் குறைவாக எண்ணவில்லை. ஆனால் வேலை கிடைக்காமல் போனால் அந்த நூறு பேரும் பசியோடு இருக்கலாம் என்று நம் மனம் ஒப்புக்கொள்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். ஒப்புக்கொண்டால், அவர்களுடைய பசி நம் பேரத்தில் வெறும் எடைக்கல் ஆகிவிடுகிறது. இதற்கு ஒரு எளிய வழி உண்டு: நேர்ந்துகொண்ட சாப்பாட்டில் ஒரு பங்கை, விண்ணப்பத்துக்குப் பதில் வருவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

நம்மில் பெரும்பாலோர் தவறுவது கொடுக்கும் வேளையில்தான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்து, தென்னையெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்த நாட்களில், நாங்கள் சிலர் அரிசிப் பைகளோடு ஒரு கிராமத்துக்குப் போனோம். கூரை இல்லாமல் மண்சுவர் மட்டும் நின்ற ஒரு வீட்டின் முன்னால், வயதான ஒரு தாயிடம் பத்துக் கிலோ பையைக் கொடுத்தோம். படம் எடுக்க எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. ஒருவர் இன்னும் வந்து சேரவில்லை. எங்கள் பதாகை காற்றில் மடிந்து மடிந்து விழுந்தது. அந்த அம்மா பையை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி நின்றார். கைநரம்புகள் புடைத்திருந்தன. பிறகு மெதுவாகக் கேட்டார்: "பையைக் கீழ வச்சுக்கட்டுமா, தம்பி?" பையின் மறுமுனையைப் பிடித்தபடி கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். தருமம் செய்யும்போது தாரை (எக்காளம்) ஊதவேண்டாம் என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதைச் சிறுவயதிலிருந்தே மனப்பாடமாக வைத்திருந்தவனும் நான்தான். தாரை என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அன்றிலிருந்து சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கிறேன், உங்களுக்கும் உதவலாம். பெறுபவருடைய முகம் படத்தில் வேண்டாம். கணக்குக் கேட்பவர்களுக்கு மூட்டைகளின் படமும் கடைக்காரர் கொடுத்த பில்லும் போதும். பெயரை மறைப்பதும் கணக்கை மறைப்பதும் ஒன்றல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்க விரும்புவதாகச் சொல்லி, சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரைத் துணைக்கு வைத்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). எனவே, கொடுத்தவர் பெயர் சபையின் பேரேட்டிலும் ரசீதிலும் இருக்கட்டும், விளக்கின்மேல் வேண்டாம். சம்பா அறுவடை முடிந்து அறுப்பின் பண்டிகை வரும்போது, நெல்மூட்டையும் பூசணியும் சேவலும் ஏலத்துக்கு வந்து, ஒலிபெருக்கியில் பெயரும் தொகையும் ஒலிக்கும். ஒரு தேங்காய் ஆயிரம் ரூபாய்க்குப் போவது உற்சாகமான காட்சிதான். இருந்தாலும், அடுத்த வீட்டுக்காரர் ஏற்றியதால் நாமும் ஏற்றிய தொகை எது, ஏலம் இல்லாவிட்டாலும் போட்டிருக்கக்கூடிய தொகை எது என்று வீட்டுக்கு வந்து பிரித்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு அந்த இரண்டாம் தொகையை உறையில் போட்டு முன்கூட்டியே படைத்துவிட்டு ஏலத்துக்குப் போங்கள்.

இன்னொரு நோக்கத்தைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. உதவி பெற்றவர் நம் சபைக்கு வரவேண்டும் என்பது அது. 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டபோது, உதவிக்கு வந்தவர்களைச் சில இடங்களில் மக்கள் சந்தேகத்தோடு பார்த்ததற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். விசுவாசத்தைப் பகிர விரும்புவது தவறல்ல. அரிசியை அதற்குத் தூண்டிலாக்குவது தவறு. லூக்கா 17-இல் குஷ்டரோகிகள் பத்துப்பேர் சுத்தமானார்கள், திரும்பி வந்தவன் ஒருவன், அவனும் சமாரியன். 'மற்ற ஒன்பதுபேர் எங்கே' என்று இயேசு கேட்டார். ஆனால் அந்த ஒன்பது பேருடைய சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் உதவிய குடும்பம் ஒருநாளும் தேவாலய வாசலை மிதிக்காது என்று முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்தால், அதே அளவு அரிசியை அதே முகத்தோடு கொடுப்பீர்களா? தயக்கம் வந்தால், அந்தத் தயக்கத்தை ஜெபத்தில் அறிக்கையிட்டுவிட்டு, அந்தக் குடும்பத்துக்கே முதலில் கொடுங்கள்.

தஞ்சையில் இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. ஹைதர் அலியின் படையெடுப்புக் காலத்தில் கோட்டைக்குள் பஞ்சம் வந்தது. முன்பு விலை கிடைக்காமல் ஏமாந்த குடியானவர்கள் நெல்லைக் கொண்டுவர மறுத்தார்கள். அப்போது மிஷனரி சுவார்ட்ஸ், தாமே பொறுப்பேற்று விலை கொடுப்பதாகச் சொல்லியனுப்ப, நெல் வந்து சேர்ந்தது. விலையும் சொன்னபடி கொடுக்கப்பட்டது. அரசரின் ஆட்களை நம்பாதவர்கள் அவரை நம்பியதற்கு, இதில் அவருக்கென்று ஒரு லாபமும் இல்லை என்று ஊர் அறிந்திருந்ததே காரணம் என்று நான் கருதுகிறேன். இரண்டாம் சரபோஜி மன்னர் வைத்த பளிங்குச் சிற்பம், சுவார்ட்ஸ் 1798-இல் கண்மூடிய பிறகே வந்தது.

இவ்வளவு சோதித்தபின் சிலருக்கு வேறொரு சிக்கல் வரும். நோக்கம் முழுவதும் சுத்தமாகும்வரை கொடுக்காமலிருப்பதே நேர்மை என்று தோன்றும். அப்படி இருந்துவிடாதீர்கள். இருதயம் முழுவதும் சுத்தமாகும்வரை காத்திருந்தால், பசித்தவர் அதுவரை காத்திருக்க மாட்டார். சிலர் பொறாமையினாலும் விரோதத்தினாலும் கிறிஸ்துவைப் பிரசங்கிக்கிறார்கள் என்று அறிந்தும், எப்படியாவது கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார் என்று சந்தோஷப்பட்டவர் பவுல் (பிலிப்பியர் 1). கலப்படமான மனதோடும் கொடுங்கள். கலப்படத்தை அறிந்து கொடுங்கள். அடுத்த முறை பாராட்டுக் கிடைக்காத இடமாகத் தெரிந்தெடுங்கள்.

கொடுத்தபின் மனதில் எழும் கோபமே மிகச் சரியான அளவுகோல். நன்றி சொல்லவில்லை, விசேஷத்துக்கு அழைக்கவில்லை, தேர்தலில் நம் பேச்சைக் கேட்கவில்லை என்று வருத்தம் வந்தால், கொடுத்தது தருமமாக அல்ல, கடனாகவே நம் மனதில் பதிந்திருக்கிறது. மத்தேயு 25-இல் வலதுபக்கத்தில் நிற்பவர்கள், 'எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்' என்று கேட்கிறார்கள். செய்தது அவர்கள் நினைவிலேயே இல்லை. நமக்கு அவ்வளவு எளிதாக மறக்காது. ஆனால் நினைவூட்டாமல் இருக்கப் பழகலாம். உதவி பெற்றவரைப் பேருந்து நிறுத்தத்திலோ வாய்க்கால் கரையிலோ பார்த்தால், அவர் கும்பிடுமுன் நீங்கள் கும்பிடுங்கள். 'அரிசி போதுமானதாக இருந்ததா' என்றுகூடக் கேட்காமல், மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் திறந்திருக்கிறார்கள், கடைமடைக்கு எப்போது வந்து சேரும், நாற்று எப்படி இருக்கிறது என்று பேசிவிட்டு வாருங்கள்.