பழைய ஐ-140 தேதியைக் கைவிடாதீர்கள்

அமெரிக்காவில் கிரீன் கார்டுக்காக ஈபி-1ஏ (அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான) பிரிவில் மனுப் போடும் ஆராய்ச்சியாளரா? முன்பே ஈபி-2 என்ஐடபிள்யூவில் (தேசிய நலனுக்கான விலக்குப் பிரிவு) ஐ-140 எனும் வேலைவழி கிரீன் கார்டு மனுவுக்கு அனுமதி வாங்கியிருந்தால், அந்த அனுமதித் தாளின் (மேலே ஐ-797 என்று அச்சிட்டிருக்கும்) நகலைப் புது மனுவோடு சேர்த்து, பழைய பிரயாரிட்டி தேதியே (கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதி) வேண்டும் என்று முகப்புக் கடிதத்தில் எழுதிவிடுங்கள். ஈபி-1, ஈபி-2, ஈபி-3 ஆகிய வேலைவழிப் பிரிவுகள் மூன்றுக்குள்ளும் தேதியை எடுத்துச் செல்ல விதி இடம் தருகிறது; பழைய மனுவை வேறு நிறுவனம் போட்டிருந்தாலும் பரவாயில்லை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஈபி-1இலும் வரிசை உண்டு என்பதால், இதனால் மிச்சமாகும் காத்திருப்பு வருடக்கணக்காகவே இருக்கலாம்.

பழைய மனு நிராகரிக்கப்பட்டிருந்தாலோ, மோசடிக்காக அனுமதி ரத்தாகியிருந்தாலோ இது செல்லாது. அப்புறம், அண்ணன் அக்கா போட்ட குடும்ப மனுவின் தேதியும் இங்கே உதவாது.