டெங்கு கொசு: ஞாயிறுதோறும் அரை மணி நேரம்

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம். நாம் பிடித்துவைக்கும் நல்ல தண்ணீரே போதும். முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். வாரம் தவறாமல் ஒருநாள் ஒதுக்கச் சொல்வது அதனால்தான்.

1. முதலில் டிரம், தொட்டி. பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே நிரப்பிவிடுவார்கள். அது வீண் வேலை. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவரில் கரும்புள்ளிகளாக ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். எனவே தேங்காய் நாரால் விளிம்பிலிருந்து அடிவரை அழுத்தித் தேயுங்கள். கழுவிய தண்ணீரை வெறுந்தரையில், வெயில் படுமிடத்தில் கொட்டுங்கள். நிரப்பியதும் மூடி சரியாக உட்காரவில்லையென்றால் பழைய வேட்டியை இரண்டாக மடித்து, வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். துணி தொய்ந்தால் மழைநீர் அதன்மேலேயே தேங்கும்.

2. கொட்ட முடியாத தொட்டிக்குள் செல்போன் டார்ச்சை அடியுங்கள். கொசுப்புழு தலைகீழாகத் தொங்கும்; நிழல் பட்டதும் நெளிந்து நெளிந்து கீழே இறங்கும். ஒரு நிமிடம் பொறுத்தால் மூச்சுவிட மேலே வரும். கண்டால் புழுவைத் தின்னும் கப்பி மீன் விடலாம். மேல்தொட்டியின் வழிகுழாய் வாயில் கொசுவலை கட்டுங்கள்.

3. பிறகு ஃபிரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு, மணிபிளான்ட் பாட்டில், கொல்லையில் கிடக்கும் டயர், இளநீர்க் கூடு, ஆட்டுக்கல் குழி. பெரும்பாலும் மறந்துபோவது ஃபிரிட்ஜ் தட்டுதான்.

4. ஏடிஸ் கடிப்பது பகலில். காலையிலும் பொழுது சாயும் முன்பும் அதிகம். ராத்திரி மட்டும் சுருள் ஏற்றினால் போதாது. பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும். வெளியே போகும்போது முழுக்கை, வெளிர்நிறச் சட்டை. திறந்திருக்கும் தோலில் 20 முதல் 30 சதவீதம் டீட் (DEET) என்ற கொசுவிரட்டி மருந்து உள்ள கிரீம் பூசலாம். சன்ஸ்கிரீன் போடுவதானால் அதற்குப் பிறகே இது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பூசக் கூடாது.

5. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும்; ஆஸ்பிரின், இபுபுரூஃபன் ரத்தக்கசிவைக் கூட்டும். நோயாளியைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள், அவரைக் கடித்த கொசு அடுத்தவருக்கும் கொண்டுபோகும். காய்ச்சல் இறங்கும் நாளில்தான் அதிகக் கவனம் தேவை: கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் தெரிந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.